விளம்பரத்தைத் தடுத்தால் திருட்டா?

திருட்டாம்! தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் விளம்பரம் வராமல் தடுத்துக்கொள்கிறவன் திருடனாம்! இணைய விளம்பரக் கம்பெனிகள் பத்து வருஷத்துக்கு மேலாக இந்த ராகத்தைப் பாடிக்கொண்டிருக்கின்றன.

ராகம் புதியதல்ல. டெலிவிஷன் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, நடுவே வரும் விளம்பரத்தைத் தாண்டிவிட்டுப் பார்க்கும் கருவிகள் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த காலம். 2002-ம் வருஷம் டர்னர் பிராட்காஸ்டிங் என்ற பெருங்கம்பெனியின் தலைவர் ஜேமி கெல்னர் ஒரு பேட்டி கொடுத்தார். விளம்பரத்தைத் தாண்டிப் போவது திருட்டு என்றார். நிகழ்ச்சியைப் பார்க்கிறவன் விளம்பரத்தையும் பார்ப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறான் என்றார். அப்படியானால் நடுவில் எழுந்து கக்கூஸுக்குப் போகிறவன் கதி என்ன? அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணினார்! 2016-ல் அமெரிக்க இணைய விளம்பரக் கம்பெனிகளின் சங்கத் தலைவர் ராண்டால் ரோதன்பர்க், விளம்பரத் தடுப்புச் சாதனம் செய்கிறவர்களை ஒழுக்கங்கெட்ட கூட்டம் என்று மேடையேறி ஏசினார்.

ஒப்பந்தம்! யார் யாரோடு செய்த ஒப்பந்தம்? எந்தப் பத்திரத்தில் யார் கையெழுத்து? பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவேயுள்ள நமது பொங்கலூரில் ஒரு தறித் தொழிலாளியின் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தகப்பன் தறிக்குடோனில், தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. 2011-ல் தமிழக சர்க்கார் தொடங்கிய திட்டத்தில் மூத்த பிள்ளைக்குக் கிடைத்த லாப்டாப் இன்னும் அந்த வீட்டில் உயிரோடு இருக்கிறது. அதற்கு மின்சாரக் கட்டணம் கட்டுகிறவர் யார்? இண்டர்நெட்டுக்கு மாதாமாதம் அழுகிறவர் யார்? அந்த வீட்டுக்காரர்தான். கூகுளோ மெட்டாவோ கால் ரூபாய் கொடுத்ததில்லை. ஆனால் இளையவள் பரீட்சை முடிவு பார்க்கத் திறந்தால், முடிவுக்கு முன்னால் கடன் கொடுக்கிறவன் வந்து நிற்கிறான். அவனை மூடினால் சூதாட்டக்காரன் வருகிறான். அவனையும் தள்ளினால், "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று சிவப்பு எழுத்தில் ஒருவன் கூச்சல் போடுகிறான். பழைய லாப்டாப், பாவம், இத்தனை பேரையும் சுமக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது.

நாட்பெய்டு கவர் என்று ஒன்று உண்டு. ஸ்டாம்பு ஒட்டாமல் அனுப்புவார்கள். தபால்காரர் வந்து, வாங்குகிறவரிடம் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கு கேட்பார். ஆனால் அந்தக் கவரைக்கூட வேண்டாமென்று திருப்பிவிட முடியும். இணைய விளம்பரமோ நாட்பெய்டாக வருகிறது, திருப்பவும் முடியாது. அந்தப் படமும், ஓடும் சினிமாவும், நம்மை வேவு பார்க்கும் நிரல்களும் நாம் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில்தான் இறங்குகின்றன. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஒரே சமயத்தில் கட்டணத்தை ஏற்றினவே, அந்த ஏற்றிய விலையில் வாங்கிய டேட்டாவில்!

"இலவசமாகத்தானே படிக்கிறாய்?" என்று கேட்கிறார்கள். இலவசமா? சோப்புக்கட்டியின் விலையிலே விளம்பரச் செலவு அடக்கம். பற்பசையின் விலையிலே அடக்கம். கடையில் ஒரு முறை கொடுத்தாயிற்று. விளம்பரம் ஏறிவரும் வண்டிக்கு வாடகையாக டேட்டாவில் இரண்டாம் முறை கொடுக்கிறோம். மூன்றாவதாகக் கொடுப்பது நம் கண்ணுக்கே தெரிவதில்லை. ஒரு பக்கத்தைத் திறந்ததும், நீ யார், எந்த ஊர், நேற்று எதைத் தேடினாய் என்ற குறிப்புகள் ஓர் ஏலச் சந்தைக்குப் போகின்றன. கண் இமைக்கும் நேரத்துக்குள் ஏலம் முடிந்து, அதிகம் கேட்டவனின் விளம்பரம் நம் திரையில் ஏறுகிறது. ஏலத்தில் விற்கப்பட்டது எது? விளம்பரமா? இல்லை. பொங்கலூர்த் தொழிலாளியின் கண்கள்! விற்றவன் ஒருவன், வாங்கியவன் ஒருவன், தரகு தின்றவன் ஒருவன். கண்ணுக்குச் சொந்தக்காரனுக்கு என்ன பங்கு?

சுவருக்கு உள்ள உரிமை

"விளம்பரம் செய்யாதே" என்று எழுதாத சுவர் நம் ஊரில் எத்தனை? அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு சட்டமும் உண்டு. பொதுமக்கள் கண்ணில் படும் இடங்களை விளம்பரத்தால் அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-ல் இந்த மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. சொந்தக்காரரோ குடியிருப்பவரோ எழுத்து மூலம் சம்மதம் தராமல் சுவரில் விளம்பரம் ஒட்டுவது குற்றம் என்கிறது அந்தச் சட்டம். கவனியுங்கள், சொந்தக்காரர் மட்டுமல்ல; வாடகைக்குக் குடியிருப்பவரின் சம்மதமும் கணக்கில் எடுக்கப்படுகிறது. தெருவைப் பார்த்த சுவருக்கே இந்த மரியாதை என்றால், வீட்டுக்குள்ளே கூடத்தில் இருக்கும் திரைக்கு எவ்வளவு மரியாதை வேண்டும்?

டெலிபோனில் விளம்பரக்காரர்களின் தொல்லை தாங்காமல் ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகு, 1909 என்ற நம்பருக்குச் சொல்லித் தடுத்துக்கொள்ளும் உரிமையை டெலிகாம் ஆணையமான டிராய் கொடுத்தது. டெலிவிஷனில் மணிக்கு 12 நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் டி.வி. விதிகள் சொல்கின்றன. (எந்தச் சேனல் மதிக்கிறது என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.) சுவருக்கு ஒரு வரம்பு, டெலிபோனுக்கு ஒரு வரம்பு, டெலிவிஷனுக்கு ஒரு வரம்பு. கம்ப்யூட்டர் திரைக்கு மட்டும் வரம்பே இல்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வித்தைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. செய்தி மாதிரி வேஷம் போட்டு வரும் விளம்பரமும், ஓயாமல் நச்சரிப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. தடை காகிதத்தில் இருக்கிறது. வேஷம் திரையில் இருக்கிறது.

சட்டம் வந்து காப்பாற்றும் வரை ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? இருக்கவில்லை. விளம்பரத் தடுப்பான் என்ற சிறிய சாதனத்தை உலகெங்கும் தொண்டர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் சூட்சுமம் எளிது. விளம்பரங்களும் வேவு நிரல்களும் எந்தெந்த முகவரியிலிருந்து வருகின்றன என்று ஒரு பட்டியல். ஈஸிலிஸ்ட் என்று பெயர். 2005 முதல் நடக்கிறது. பல பத்தாயிரம் விதிகள். நம் பிரவுசர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அந்த முகவரிகளுக்கும் ஆள் அனுப்பக் கிளம்பும். தடுப்பான் பட்டியலைப் பார்த்து, "போகாதே" என்று நிறுத்திவிடும். அவ்வளவுதான்! யாருடைய கம்ப்யூட்டரிலும் நாம் புகவில்லை. யாருடைய சரக்கையும் தூக்கவில்லை. நம் வாசலுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டோம். தாழ்ப்பாள் போடுவதைத் திருட்டு என்று சொன்னவன் உலகத்தில் யாராவது உண்டா, திருடனைத் தவிர?

இவற்றில் சிறந்ததென்று பெயரெடுத்தது யூபிளாக் ஆரிஜின். ரேமண்ட் ஹில் என்பவர் 2014-ல் தொடங்கியது. யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம் என்று மூல நிரலைத் திறந்து வைத்திருக்கிறார். நன்கொடை கொடுக்கிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறார். லாபமில்லாமல் மனிதன் எதையும் செய்யமாட்டான் என்று பாடம் நடத்தும் பொருளாதாரப் புலிகள் இதற்கு என்ன சொல்வார்கள்?

வேலியே பயிரை மேய்ந்த கதையும் இதிலே உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஐயோ என்ற கம்பெனி (பெயரே அதுதான்!) ஆட்பிளாக் பிளஸ் என்ற தடுப்பானை நடத்துகிறது. 2011-ல் அது "ஏற்கத்தக்க விளம்பரங்கள்" என்று ஒரு வாசலைத் திறந்தது. பெரிய கம்பெனிகள் பணம் கட்டினால் அவற்றின் விளம்பரம் உள்ளே விடப்படும். கூகுள், அமேசான், மைக்ரோசாப்ட் எல்லாம் கட்டின. காவலுக்கு வைத்தவன் சுங்கச்சாவடி போட்டுவிட்டான்! அந்தச் சலுகையை நிறுத்திவிட அதிலேயே வழி உண்டு, ஆனால் தேடிப் போய் நிறுத்த வேண்டும். இருந்தாலும் ஒரு நன்மை விளைந்தது. ஆக்ஸல் ஸ்பிரிங்கர் என்ற பத்திரிகை முதலை அந்தக் கம்பெனி மீது வழக்குப் போட, விளம்பரத்தைத் தடுப்பது நியாயமற்ற போட்டியல்ல என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. முதலை விடவில்லை. காப்புரிமை என்று வேறு வாசலால் நுழைந்திருக்கிறது. 2025-ல் அந்த வழக்கை மறுபடி விசாரிக்கும்படி ஹாம்பர்க் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

தரகன் கையில் தராசு

இப்போது மூல விஷயத்துக்கு வருவோம். நூல் தரகனே எடை போடும் தராசுக்கும் சொந்தக்காரனாக இருந்தால் தறிக்காரன் கதி என்ன ஆகும்? அதுதான் இங்கே நடக்கிறது. கூகுளின் தாய்க் கம்பெனியான ஆல்பபெட்டின் 2024-ம் வருஷ வருமானம் சுமார் 35,000 கோடி டாலர். அதில் 26,000 கோடிக்கு மேல் விளம்பரத்தில் வந்தது. அதாவது முக்கால் பங்கு! உலகத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் இணையத்தைப் பார்க்கும் ஜன்னலான குரோம் பிரவுசரும் அதே கூகுளுடையது. விளம்பரம் விற்கிறவனும் அவனே. விளம்பரத்தைத் தடுக்கும் தாழ்ப்பாளைப் பொருத்த வேண்டிய கதவின் சொந்தக்காரனும் அவனே.

தன் கதவில் அடுத்தவன் தாழ்ப்பாள் போடுவதை எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருப்பான்? 2018 கடைசியில் குரோமுக்குப் புதிய விதிமுறை ஒன்றின் நகலை வெளியிட்டான். பழைய முறையில், வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையையும் தடுப்பானே நேரில் பார்த்து நிறுத்த முடிந்தது. புதிய முறையில் முன்கூட்டியே ஒரு பட்டியலை, அதுவும் கூகுள் வகுத்த அளவுக்குள், ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். வாசலில் நின்று முகம் பார்த்து விடும் காவலாளியை அனுப்பிவிட்டு, சுவரில் ஒரு சீட்டை ஒட்டி வைத்தாற்போல! எதிர்ப்பு கிளம்பியதால் பல தடவை தள்ளிப் போட்டார்கள். கடைசியில் 2024-ல் தொடங்கி 2025-க்குள் யூபிளாக் ஆரிஜினைக் குரோமிலிருந்து செயலிழக்கச் செய்துவிட்டார்கள். லைட் என்ற சுருக்கப் பதிப்புதான் அங்கே மிச்சம்.

பாதுகாப்புக்காகச் செய்தோம் என்கிறது கூகுள். தடுப்பான் வேஷத்தில் தகவல் திருடிய போலிச் சாதனங்கள் உண்டு என்பது உண்மைதான். கள்ளச்சாவி புழங்குகிறது என்பதற்காக ஊரிலுள்ள பூட்டையெல்லாம் பறிமுதல் செய்வதா? அதுவும் பறிமுதல் செய்கிறவன் யார்? அமெரிக்கக் கோர்ட்டே 2024 ஆகஸ்டில், தேடுபொறியில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்றது. 2025 ஏப்ரலில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, விளம்பரச் சந்தையிலும் அப்படியே என்றார். ஏலச் சந்தையில் அது எடுக்கும் தரகு நூற்றுக்கு 20! மண்டியில் நூற்றுக்குப் பத்து கமிஷன் கொடுக்கும் வெங்காய விவசாயிக்கு வயிறு எரியும். இங்கே அதைப் போல இரண்டு மடங்கு. நம் நாட்டிலும் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில், ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2023-ல் மேல்முறையீட்டிலும் அந்தத் தொகை நிலைத்தது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறார்களே, பேசட்டும்! 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பி.பி.சி. போன்ற பெரிய பத்திரிகைகளின் தளங்களிலேயே, விளம்பரத்தின் வழியாக, கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணயப் பணம் கேட்கும் நிரல் பரவியது. பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியாது, அவர்கள் இடத்தை வாடகைக்கு விட்டார்கள், வாடகைக்கு வந்தவன் கன்னக்கோலோடு வந்தான். 2022 டிசம்பரில் அமெரிக்க மத்தியப் போலீசான எஃப்.பி.ஐ.யே, தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று பொதுஜனங்களுக்கு அறிவுரை சொன்னது. எஃப்.பி.ஐ.யின் யோசனையை இந்தப் பக்கங்களில் சிபாரிசு செய்யும் நாள் வரும் என்று யார் கண்டது! மெட்டாவின் கதை இன்னும் நாற்றம். மோசடி விளம்பரங்களாலும் தடை செய்யப்பட்ட சரக்கு விளம்பரங்களாலும் 2024 வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு வரும் என்று அந்தக் கம்பெனி உள்ளுக்குள்ளேயே கணக்குப் போட்டு வைத்திருந்ததை 2025 நவம்பரில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. கணக்கு மிகைப்பட்டது என்றது மெட்டா. மோசடியே இல்லை என்று அதனாலும் சொல்ல முடியவில்லை.

திருப்பூர் வட்டாரத்தில் இதன் விலையை நாம் அறிவோம். சனிக்கிழமை கூலி வாங்கிய இளைஞனின் திரையில் சனிக்கிழமை ராத்திரியே ரம்மி விளம்பரம். கூலி போனது, கடன் வந்தது, தமிழ்நாட்டில் உயிர்களும் போயின. 2020 நவம்பரில் அவசரச் சட்டம். அதன் வழி வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் ஹைக்கோர்ட் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு கமிட்டியின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் புதிய சட்டம். 2023-ல் ஹைக்கோர்ட் ரம்மிக்கும் போக்கருக்கும் விலக்குத் தந்தது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தையும் அதன் விளம்பரத்தையும் தடை செய்யப் பார்லிமெண்ட் 2025 ஆகஸ்டில்தான் சட்டம் செய்தது. இந்த ஐந்து வருஷத்தில் சூதாட்டக்காரனிடமிருந்து விளம்பரக் காசை எண்ணி வாங்கியவன் எவனாவது ஒரு பைசா திருப்பிக் கொடுத்தானா?

ஆறு சதவீதம், ஐம்பது சதவீதம்

சரி, மத்திய சர்க்கார் என்ன செய்தது? 2016-ல் ஒரு வரி போட்டார்கள். இந்தியாவில் நிலையான அலுவலகம் இல்லாத வெளிநாட்டுக் கம்பெனிக்கு இணைய விளம்பரத்துக்காகக் கொடுக்கும் பணத்தில் 6 சதவீதம் பிடித்து கஜானாவில் கட்ட வேண்டும். கூகுள் வரி என்றே அதற்குப் பெயர். நியாயமான வரி. இங்கே உள்ள கண்களை விற்று அங்கே லாபம் குவிக்கிறவனிடம் இது சுண்டைக்காய். அமெரிக்கா முறைத்தது. 2025 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்! விட்டுக்கொடுத்தால் அமெரிக்கா மனமிரங்கும் என்று கணக்கு.

இரங்கியதா? அதே வருஷம் ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்கு மீது அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறியது. வருஷத்துக்குச் சுமார் 45,000 கோடி ரூபாய்க்குப் பனியன் ஏற்றுமதி செய்யும் திருப்பூரில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சரக்கு அமெரிக்காவுக்குப் போவது. ஆர்டர்கள் நின்றன, ஷிப்டுகள் குறைந்தன. அவர்களுடைய விளம்பரத்துக்கு நம் நாட்டில் கூகுள் வரி பூஜ்யம். நம்முடைய பனியனுக்கு அவர்கள் நாட்டில் 2025 ஆகஸ்டில் வரி ஐம்பதாக இருந்தது! ஐந்து மாதத்துக்குள் நடந்த பண்டமாற்று இது. வரியை ரத்து செய்த மந்திரிகள் பொங்கலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, செக்கிங் வேலை போன பெண்களிடம் இந்தக் கணக்கை விளக்கட்டும்.

ஒரு கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். சின்னத் தமிழ்ப் பத்திரிகைகள், தனி மனிதர்கள் நடத்தும் தளங்கள் விளம்பர வருமானத்தில் பிழைக்கின்றனவே, எல்லோரும் தடுத்தால் அவை சாகாதா? சாகக்கூடாது. தடுப்பானிலேயே ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய தளத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள். அதைவிட நல்லது, சந்தா கட்டுங்கள். சந்தாவில் ஓடும் பத்திரிகை வாசகனுக்குப் பயப்படும். விளம்பரத்தில் ஓடும் பத்திரிகை விளம்பரம் கொடுப்பவனுக்குப் பயப்படும். ஆனால் வேவு பார்க்காத, குதிக்காத, கத்தாத ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தைப் பக்கத்தின் ஓரத்தில் போட்டால் யாருக்கு ஆத்திரம் வருகிறது? அச்சுப் பத்திரிகையில் நூறு வருஷமாக அப்படித்தானே இருந்தது? அந்த விளம்பரம் வாசகன் வீட்டுச் சாவித்துவாரத்தில் கண் வைத்ததில்லை.

யூடியூபும் இந்த ஆட்டத்தில் சேர்ந்தது. 2023-ல் தடுப்பான் வைத்திருப்பவர்களுக்கு வீடியோவையே நிறுத்தி மிரட்டியது. விளம்பரம் வேண்டாமா, பணம் கட்டு என்றது. 2024 ஆகஸ்டில் அந்த மாதக் கட்டணத்தை 129-லிருந்து 149 ரூபாயாக உயர்த்தியது. தொல்லையை உண்டாக்குகிறவனும் அவனே, தொல்லை நீங்கக் காசு கேட்கிறவனும் அவனே. இதற்கு நம் ஊரில் மாமூல் என்று பெயர்.

ஆகவே வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது இதுதான். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைப் போடுங்கள். யூபிளாக் ஆரிஜினின் முழுப் பதிப்பு அதில் வேலை செய்கிறது. (ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளிடமிருந்து வருகிறது என்பதையும் மறைக்க வேண்டாம். ஏகபோகத்தின் நிழல் படாத இடம் இந்தச் சந்தையில் குறைவு.) பெயரில் ஏமாந்துவிடாதீர்கள்: வெறும் யூபிளாக் என்பது வேறு, அது விளம்பரத்துக்கு வழி விடுவது. ஆரிஜின் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய மொழித் தளங்களுக்கென்று தனிப் பட்டியலும் உண்டு, அமைப்புகளில் போய் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். குரோமை விட முடியாதவர்கள் லைட் பதிப்பையாவது போடட்டும். வைரஸ் என்று மிரட்டிக் கொடுக்கும் நம்பருக்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் கூப்பிடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.

படிப்பகங்களிலும் சங்க அலுவலகங்களிலும் உள்ள கம்ப்யூட்டர்களுக்கு இதை இந்த வாரமே செய்துவிடலாம். வாலிபர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் ஒரு தெரு முடிந்துவிடும்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதை வீட்டுத் தாழ்ப்பாளோடு விட்டுவிட முடியாது. 2023-ல் நிறைவேற்றிய தகவல் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளை வேவு பார்ப்பதையும் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அதற்கான விதிகளை வெளியிடவே 2025 நவம்பர் ஆயிற்று; முழுதாக அமலுக்கு வர மேலும் 18 மாத அவகாசம் வேறு கம்பெனிகளுக்கு! சுவருக்கு 1959-ல் கொடுத்த சம்மத உரிமையைத் திரைக்கும் கொடுக்க வேண்டும். தடுப்பானை முடக்கும் உரிமை பிரவுசர் கம்பெனிக்குக் கிடையாது என்று சட்டத்தில் எழுத வேண்டும். 6 சதவீத வரி திரும்ப வர வேண்டும். சர்க்கார் பணத்தில் மாணவர்களுக்குக் கொடுக்கும் லாப்டாப் ஒவ்வொன்றும், உறை பிரிக்கும்போதே தடுப்பான் பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும். இதற்குப் புதிய கஜானா வேண்டாம், டெண்டர் வேண்டாம். ஒரு சர்க்கார் உத்தரவு போதும்.